நிமிர்ந்து பாரு டீச்சரின் மூன்றாம் பரீட்சை

ஆலோசனை அறைக்கு எந்தப் பிள்ளை வந்தாலும் அந்த அம்மாள் முதலில் சொல்வது "நிமிர்ந்து பாரு" என்பதுதான். பிள்ளைகள் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. முகம் பார்த்துப் பேசாத பிள்ளை எதையோ மறைக்கிறது என்பது அவருடைய கட்சி.

அந்தக் கட்சி பயிற்சி அறையில் எடுபடவில்லை. வேற்று நாட்டிலிருந்து வந்து சேரும் பிள்ளைகளிடம் பேசிப் பழகுவதற்காகப் பள்ளியில் ஒரு கருவி வாங்கியிருந்தார்கள். அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் ஓர் அறை தெரியும். அங்கே ஒரு கணினிச் சிறுமி உட்கார்ந்திருப்பாள். பேசினால் பதில் பேசுவாள். அவளை மனம்விட்டுப் பேசவைப்பதுதான் டீச்சருக்குப் பரீட்சை. பெரியவர்களை நேருக்கு நேர் பார்ப்பது அவள் வீட்டில் மரியாதைக் குறைவு. முதல் பரீட்சையில் டீச்சர் "நிமிர்ந்து பாரு" என்றார். அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதிலும் கோட்டை விட்டால், பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகவேண்டியதுதான் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. கணவர் சிறுமியாகச் சோபாவில் தலை குனிந்து உட்கார்ந்தார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். சற்று நேரத்தில் விசும்பல் கேட்டது. பிள்ளை மனம் திறந்துவிட்டது என்று பூரித்துப்போய்த் தோளைத் தொட்டார். அது குறட்டை.

பரீட்சையன்று சிறுமி வழக்கம்போல் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு நாக்கு துறுதுறுத்தது. வாயை அடக்க வேறு வழி தெரியாமல் தானும் குனிந்து தன் கால்பக்கம் பார்த்தார். காலணி இல்லை. கால்களே இல்லை. அந்தக் கருவியில் பெரியவர்களுக்கு உருவம் இடுப்போடு சரி. இதற்கு முன் குனிந்திருந்தால்தானே அது தெரிந்திருக்கும்?

"என்னம்மா இது, என் ரெண்டு காலையும் காணோம்" என்றார்.

சிறுமி அவருடைய நாற்காலிக்குக் கீழே பார்த்தாள். "எங்க விட்டீங்க?"

"தெரியலடி கண்ணு. வீட்டுல கிளம்பறப்ப இருந்துச்சு."

"நானும் என் ஃப்ரெண்டை எங்க ஊர்லயே விட்டுட்டுதான் வந்தேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடியே.

அதன்பின் இருவரும் தலை நிமிராமல் வெகுநேரம் பேசினார்கள். புது வகுப்பில் யாரும் தன் பக்கத்தில் உட்கார்வதில்லை என்பதுகூட வெளியே வந்தது. பரீட்சையைத் திரையில் கவனித்துக்கொண்டிருந்த பயிற்றுநர் தேர்ச்சி என்று குறித்துவிட்டு, கால் தொலைந்த விஷயத்துக்கு எந்தத் தலைப்பில் மதிப்பெண் போடுவது என்று தலைமையாசிரியரைக் கேட்டார். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, பேருந்துக்கு வேறு ஆள் தேடுவதாக மட்டும் சொன்னார்.

டீச்சர் காதில் எதுவும் விழவில்லை. கருவியைக் கழற்றிய கையோடு இரண்டு முழங்கால்களையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.