பாலக்கோடு என்று ஏற்றிய எண்

எனக்கு முதலில் போனது கை அல்ல, ‘உப்பு’ என்ற சொல். குழம்பு கொதிக்கிறது, உப்பு டப்பா கையில் இருக்கிறது, அதன் பெயர் வரவில்லை. கணவரைக் கூப்பிட்டேன், வாயிலிருந்து வேறு என்னவோ வந்தது. நான் விளையாடுகிறேன் என்று அவர் சிரித்தார். டப்பா நழுவிக் கீழே விழுந்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினார்.

தர்மபுரி மருத்துவமனையில் பக்கவாதம் என்றார்கள். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து வலது கை தளர்ந்துவிட்டது. கூடவே அஃபேசியா (சொல்ல நினைப்பது தெரியும், சொல் மட்டும் வராத நிலை). உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால் ஒன்று சொல்கிறேன்: போனது பேச்சு, புத்தி அல்ல. கட்டிலைச் சுற்றி நின்று நீங்கள் பேசுவதெல்லாம் காதில் விழும்.

மருத்துவர் என் பெயரைக் கேட்டார். “பாலக்கோடு” என்றேன். ஊரைக் கேட்டார். அதற்கும் பாலக்கோடு. நாங்கள் இருப்பது பென்னாகரம் பக்கம். மனக்குழப்பம் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஒரு குழப்பமும் இல்லை. எங்கள் சொந்தத்தில் ஆளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் பழக்கம் குறைவு. கட்டிக்கொடுத்த ஊரைச் சொல்வோம். பாலக்கோடு என்றால் என் அக்கா. என் கணவருக்கு மட்டும் அது உடனே புரிந்தது. “அவங்க அக்காவக் கேக்கறா சார்” என்றார். அந்த நிமிடம் அவரை முழுதாக நம்பினேன்.

அக்கா வந்தாள். நான் உளறியதைக் கால்மாட்டில் நின்று கேட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனவள் திரும்பி உள்ளே வரவில்லை. பாவம், தாங்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், பேச்சுப் பயிற்சி தந்த பெண் ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கச் சொன்னார். தொடுதிரையில் என் விரல் வழுக்கியது. இதில் பொத்தான்கள் பெரியவை. அதன் போன்புக்கில் பெயர்களை ஏற்றுவதே ஒரு பயிற்சி என்றார். ஆங்கில எழுத்தில்தான் ஏற்ற முடியும். ஓர் எழுத்துக்கு ஒரே பொத்தானை இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் அடுத்த எழுத்துக்குத் தாவிவிடும். எனக்குத் தாமதம்தான் வியாதியே. ஆகவே கணவர் ஏற்றித் தந்தார். ஏழாம் எண்ணை அழுத்தினால் பாலக்கோடு வந்து நிற்கும். அழைக்கும்போது பெயர்தான் தெரியும், எண் தெரியாது.

முதல் சில தடவை அக்கா எடுத்தாள். எனக்கு வந்ததெல்லாம் தக்காளி, கூடை, பஸ். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் கேட்கும், பிறகு வைத்துவிடுவாள். அதற்கப்புறம் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுப்பதில்லை. “தக்காளி எடுப்பு நடக்குது, காட்ல இருப்பாங்க” என்பார் கணவர்.

எடுக்காவிட்டால் என்ன, நான் தயாராகிக்கொண்டிருந்தேன். போனில் நாங்கள் ‘நாந்தான்’ என்போம், ஆளைக் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒரு சொல்லை அக்காவிடம் பிழையில்லாமல் சொல்லிவிட்டால் போதும், நான் பழைய ஆள்தான் என்று அவள் தெரிந்துகொள்வாள். தினமும் அந்த மணியோசைக்குள் சொல்லிப் பார்த்தேன். நா... தான். நான்... நாந்தான். வந்துவிட்டது.

அன்று மத்தியானம் அவர் குளிக்கப் போயிருந்தார். பாலக்கோட்டை அழுத்தினேன். பீரோ மேலிருந்த எவர்சில்வர் தட்டு கடகடவென்று அதிர்ந்தது. நிறுத்தினேன், தட்டும் நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி கடகட. தட்டில், குளிக்கப் போகுமுன் சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்து வைத்த பழைய பட்டன் போன். அதன் திரையில் எங்கள் வீட்டு எண்.

நான் அக்காவை அழைத்த மத்தியானங்களெல்லாம் அவர் சட்டைப்பைக்குள்தான் சத்தமில்லாமல் துடித்திருக்கின்றன. ஈரத் தலையோடு வந்தவரிடம் இரண்டு போனையும் நீட்டினேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். “நீ கூப்புடாம பாத்துக்கச் சொல்லி உங்க அக்காதான் கேட்டுச்சு. உன் பேச்சக் கேட்டா தாங்க முடியலயாம். நீயும் மனசு ஒடஞ்சிருவேன்னுதான் நம்பர மாத்தி வெச்சேன்.”

திட்ட ஒரு சொல் வந்திருக்கக் கூடாதா! என் ஆயுசில் அதைப்போல ஆத்திரம் வந்ததில்லை. வாயில் வந்தது ‘கூடை’.

அக்காவின் எண்ணைச் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. கண்ணை மூடி, தளர்ந்த வலது கைக் கட்டைவிரலைப் பொத்தான்கள் மேல் வைத்தேன். எத்தனையோ வருஷம் தினமும் போட்ட எண். விரல் மெல்ல மெல்லத் தானாகப் போனது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

“நாந்தான்” என்றேன். சுத்தமாக வந்தது.

அவள் குரல் தாழ்ந்தது. “தெரியுது கண்ணு. ஆனா அது உன் கொரலு மாதிரியே இல்ல. கேட்டா எனக்குப் பயமா இருக்குது. வெச்சிரட்டா?”

நானே வைத்துவிட்டேன்.

கை இப்போது முக்கால்வாசி தேறிவிட்டது. சொற்கள் வருகின்றன, வழியெல்லாம் நின்று நின்று. நேரம் எனக்கு முன்போல ஓடுவதில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குடியிருக்கப் பழகிவிட்டேன். அந்த இடத்தில் மற்றவர்களால் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பாலக்கோடு என்ற பெயரையும் அதிலுள்ள எண்ணையும் மாற்றவில்லை. அக்கா அதற்குப் பிறகு அழைக்கவும் இல்லை. எங்கள் காட்டில் விவசாய வேலையாக இருக்கும் கணவரைக் கூப்பிட வேண்டுமென்றால் பாலக்கோட்டை அழுத்துகிறேன். பட்டன் போன் இப்போதும் அவர் சட்டைப்பையில்தான், ஆனால் சத்தம் முழுதாக வைத்து. “சொல்லு” என்பார். நான் “நாந்தான்” என்பேன். அடுத்த சொல் வர எவ்வளவு நேரமானாலும் அவர் வைக்கக் கூடாது. வைப்பதில்லை.