கன்னியம்மா திருப்பி விட்ட மீன்

வேப்பம்பட்டில் நாங்கள் குடியிருக்கும் தெருமுனையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் உயிர்மீன் விற்கிறார். நீல நிறத் தொட்டி, அதில் முக்கால்வாசித் தண்ணீர், இடம் போதாமல் உரசிக்கொண்டு கிடக்கும் கட்லாக்கள். காற்றடிக்க ஒரு சின்ன மோட்டாரும் உண்டு. போன வாரம் அது மக்கர் பண்ணிவிட்டது போலிருக்கிறது. மனிதர் ஒரு கையால் மீனைத் தராசில் போட்டுக்கொண்டே இன்னொரு கையால் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தார். பட், பட், பட். பால் வாங்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். "வேணுமாம்மா?" என்றார். பிறகு என் நெற்றியில் இருக்கும் ஸ்ரீசூர்ணத்தைப் பார்த்துவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. அந்தத் தட்டலை ஒருகாலத்தில் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் நான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளிக் கைங்கரியம் செய்துவந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் மீன் என்றால் தசாவதாரப் படத்தில் முதல் ஆளாக நிற்பவர், அவ்வளவுதான். அந்த வீட்டுப் பெண்ணுக்கு எழுபதுகளின் ஆரம்பத்தில் கிராம சேவிகா வேலை கிடைத்து, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஒன்றிய அலுவலகம் ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள். தையல், சத்துமாவு, புகையில்லாத அடுப்பு என்று கற்பனை செய்துகொண்டு போனேன். எங்கள் அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்கு மீன் வளர்ப்பும்மா" என்றார். அழுகை வந்தது. வேலை வேண்டுமே, அடக்கிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் மீன்குஞ்சுகளைத் தகர டின்னில் கொண்டுவருவோம். தண்ணீர் ஆடாமல் நின்றுவிட்டால் குஞ்சுகள் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். வழி நெடுகத் தட்டிக்கொண்டே வரவேண்டும். அலுவலக ஜீப் வழக்கம்போல் படுத்துவிட்டதால் முதல் டின் என் மடியில், பஸ்ஸில் வந்தது. நான் தட்டத் தட்டத் தண்ணீர் தெறித்து, பக்கத்தில் இருந்த அம்மாள் முகத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், கடைசியில் அவளும் ஒரு கை தட்டினாள். சனிக்கிழமை வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போய்க் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும். எத்தனை குளித்தாலும் மீன் தீனிக்கு ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு வாசனை விரலைவிட்டுப் போகாது. எனக்கு அது ரகசியமாகப் பிடித்தும் இருந்தது.

குட்டை இருந்தது தேர்வாய் கண்டிகைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊருக்கு வெளியே. கரையோரம் பத்துப் பன்னிரண்டு இருளர் குடிசைகள். நிலம் கிடையாது, நடவும் அறுப்பும் இருக்கிற நாளில் கூலி, இல்லாத நாளில் அந்தக் குட்டைதான். அந்தப் பெண்கள் வலையே இல்லாமல் சேற்றில் கையைவிட்டு விராலையும் கெளுத்தியையும் பிடிப்பார்கள். மூத்தவள் கன்னியம்மா. நாற்பது வயதிருக்கும், என்னைவிட அரை அடி குள்ளம், பேச்சில் மட்டும் ஒரு அடி கூடுதல். இப்படிப்பட்டவர்களுக்கு நான் மீனைப் பற்றிப் பாடம் எடுக்கப் போனேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. என் முதல் பாடத்தைக் கேட்டுவிட்டு கன்னியம்மா, "நீ மீன் துன்னுவியாம்மா?" என்றாள். இல்லை என்றேன். அதற்கப்புறம் என்னை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இவள் நம் மீனில் கை வைக்கமாட்டாள் என்று நினைத்திருக்கலாம்.

கட்லாக் குஞ்சுகளை விடுவதற்கு முன்னால் விரால், கெளுத்தி எல்லாவற்றையும் எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் அவை குஞ்சுகளைத் தின்றுவிடும். அதாவது, அவர்களுடைய அன்றாடக் குழம்பைக் காலி பண்ணச் சொன்னேன். எட்டு மாதம் பொறுங்கள், கார்த்திகையில் விட்டால் ஆனியில் ஒவ்வொன்றும் கை நீளத்துக்கு வரும், அத்தனையும் உங்களுக்கே, விற்கலாம், சாப்பிடலாம் என்றேன். இது என் வார்த்தை இல்லை. எங்கள் அதிகாரி என்னை எதிரில் உட்காரவைத்துச் சொன்னது. நான் அதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் தங்கமான மனிதர் என்றுதான் அன்றைக்கு எனக்கு நினைப்பு. மத்தியானம் நான் சாப்பிட்டேனா என்று விசாரிப்பார்.

அவர்கள் பொறுத்தார்கள். நான் என்னவோ சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன். அவர்கள் கஞ்சிக்கு மிளகாயைக் கடித்துக்கொண்டு, கூலிக்குப் போன மில்லிலிருந்து முந்தானையில் தவிடு கொண்டுவந்து குட்டையில் போட்டார்கள். மாசி மாதம் வந்தபோது தவிட்டைப் பார்த்ததும் மீன்கள் கரைக்கு வந்து வாயைத் திறந்தன. யாரும் ஒன்றைத் தொடவில்லை.

பங்குனியில் ஒருநாள் நான் போனபோது கன்னியம்மா கரையில் எனக்காகக் காத்திருந்தாள். முன்னால் ஒரு மண்பானை. உள்ளே ஒரு கட்லா, முழங்கைக்கும் குறைவுதான். அவள் மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. பால் சுரக்கவில்லை. மீன் குழம்பு வைத்துக் கொடுத்தால் சுரக்கும் என்றாள். "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கினு போட்டாம்மா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டிருந்தபோதும் அவள் கை பானைத் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தது, நான் சொல்லிக்கொடுத்தபடியே. நான் வேண்டாம் என்று சொன்னால் மீன் உயிரோடு திரும்பிப் போகவேண்டுமே என்று.

நான் வேண்டாம் என்றேன். ஒருவர் எடுத்தால் எல்லோரும் எடுப்பார்கள் என்று விளக்கம் வேறு. எனக்கு வயது இருபத்திரண்டு. மீன் தின்னாதவள், பிள்ளை பெறாதவள். அவள், "நீ சொன்னா சரிதாம்மா" என்று பானையைச் சாய்த்து விட்டாள். மீன் ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளே போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைப் பெருமையாக அலுவலகத்தில் போய்ச் சொன்னேன்.

ஆனி மாதம் மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், அன்றைக்கே மீன் பிடித்துவிடலாம் என்றார் அதிகாரி. வாழைமரம் கட்டினார்கள். பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பூ வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலை இழுத்தார்கள். கன்னியம்மா ஒவ்வொரு மீனையும் தன் கையோடு வைத்து அளந்து பார்த்துச் சிரித்தாள். புகைப்படத்துக்கு என்னிடமும் ஒன்றைக் கொடுத்தார்கள். வழுக்கியது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குடிசைகளில் மிளகாய் அரைக்கிற வாசனை கரை வரைக்கும் வந்தது.

கூடைகள் நிரம்பியதும் ஜீப்பின் பின்னால் மாட்டியிருந்த டிரெய்லரில் ஏற்றச் சொன்னார் அதிகாரி. அலுவலகத்தில் எடை போட்டுப் பதிந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார். பெண்கள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். "ஏத்துங்க. நான் இருக்கேன் இல்ல" என்றேன். அவர்களே தூக்கி ஏற்றினார்கள். ஜீப் போனது. பொழுது சாய்கிறவரைக்கும் அவர்களோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலையில் பியூன்தான் முதலில் சொன்னார். வந்தவர்களுக்கு விருந்தாம், மிச்சம் ஊர்த் தலைவர் வீட்டுக்காம், ருசியான ருசியாம். அதிகாரியின் முன்னால் போய் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார்.

"குட்டை பஞ்சாயத்தோடதும்மா. மீன் மட்டும் எப்படி அவங்களோடது ஆகும்? உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

முதல் நாளே அவருக்குத் தெரியும். என்னை எதிரில் உட்காரவைத்து அத்தனையும் சொன்னபோதே தெரியும். மேலே ஒரு கடிதம் எழுதினேன். பதிலாக எனக்கு மாறுதல் வந்தது. குட்டையைத் தலைவரின் மைத்துனருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அந்த மனிதர்மேல் இருந்த கோபம் இத்தனை வருஷத்தில் எனக்கு ஆறவில்லை. ஆனால் அவர்கள் கூடையைத் தூக்கி ஏற்றியது அவர் குரலுக்கு இல்லை, என் குரலுக்கு.

போய்ச் சொல்லிக்கொண்டு வர எனக்குப் பத்து நாள் தைரியம் வரவில்லை. போனபோது கன்னியம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவள் சாக்கை விரித்து உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருக்குது என்றாள். பிறகு குட்டைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அன்னிக்கி ஒன்னிய கேக்காமயே அந்த மீன ஆக்கிப் பொண்ணுக்குக் குட்த்திருக்கணும்மா. கேட்டேன் பாரு."

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்கு அந்த வழியாகப் போனோம். காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். குடிசைகள் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. கரை இருந்த இடத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலையின் மதில் சுவர், பெரிய கேட், ஸ்டூல் போட்டு ஒரு வாட்ச்மேன். இங்கே ஒரு குட்டை இருந்ததே என்றேன். அவர் நல்ல மனிதர், சிரித்தார். அதெல்லாம் மண்ணடித்து மூடியாகிவிட்டது என்றார். உள்ளே ஒரு நிமிஷம் பார்க்கலாமா என்றேன்.

"சும்மா உட முடியாதும்மா. ஆபீஸ்ல கேட்டுக்கினுதான் வரணும்."

நான் போய்க் கேட்கவில்லை. காரில் ஏறிக்கொண்டேன்.