சுடாத வெந்நீர்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த ஒருவர் கூப்பிட்டார். "அக்கா, ஒங்க செருப்பு அங்க கெடக்கு."

குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு எப்போது கழன்றது என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. அது ஒரு நோயின் அறிகுறி என்று தோன்றவே இல்லை.

மஹய்யாவையில் வீடு. கண்டியில் ஒரு புடவைக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை. சீனி வருத்தம் (நீரிழிவு நோய்) வந்து பல வருடமாகியிருந்தது. மாத்திரையும் போட்டு வந்தேன். கால் மரத்துப்போவது நின்று நின்று வந்த அலுப்பு என்று நினைத்தேன். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் இப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

என் மகளைத் தெல்தெனியவில் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து எங்களையும் ஒரு பயணத்துக்கு அழைத்தார்கள். மஹியங்கனையும் தாண்டிப் போனால் நிலத்திலிருந்து வெந்நீர் ஊறும் இடம் ஒன்று. பக்கத்திலேயே தங்கும் விடுதி. "கால் கடுப்புக்கு நல்லதாம். வாங்க சம்பந்தி, போயிட்டு வருவோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா பார்வதி.

ஊற்று நீரைத் தொட்டி தொட்டியாகப் பிரித்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. எல்லாரும் இளஞ்சூட்டில் இறங்கிக் குளித்தார்கள். புதுச் சம்பந்திகள் முன்னால் நனைந்த துணியோடு நிற்க எனக்குக் கூச்சம். ஆளில்லாத கடைசித் தொட்டிக்குப் போய், சேலையைக் கணுக்கால் வரை தூக்கிக்கொண்டு, கால்களைத் தண்ணீருக்குள் விட்டு உட்கார்ந்தேன்.

பாதத்தில் மெல்லிய வெதுவெதுப்பு தெரிந்தது. பல மாதமாக எதுவுமே தெரியாதிருந்த பாதம். குணமாகிறது என்று சந்தோஷப்பட்டேன். அதனால்தான் காலை எடுக்கவில்லை.

பார்வதி என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீரில் விரலை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஆத்தாடி! இது கொதிக்குது! கால எடுங்க சம்பந்தி!"

மற்றத் தொட்டிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணுக்காலுக்குக் கீழே தோல் சிவந்து கிடந்தது. என் மகள் ஓடி வந்தாள். "ஒண்ணுமில்ல, எனக்குச் சூடு தாங்கும்" என்று சிரித்தேன். நோயாளி வீட்டுப் பெண்ணை எடுத்துவிட்டோம் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் அந்த நேரத்து நினைப்பு. திரும்பும் வழி முழுக்கக் கொப்புளங்கள் எழும்பின. சேலையை இழுத்து மூடிக்கொண்டேன். வலி இல்லாததால் மறைப்பது சுலபமாக இருந்தது.

வீட்டில் ஏதோ ஒரு களிம்பைப் பூசினேன். கொப்புளங்கள் உடைந்தன. வலது பெருவிரல் கறுத்து வாடை வந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலோன் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டார்.

"படுறப்போ சொல்லுங்கம்மா."

காத்திருந்தேன். "எப்ப தொடப் போறீங்க டொக்டர்?"

"தொட்டு முடிச்சிட்டேனே."

கண்ணைத் திறக்கவே கூசியது. புற நரம்புச் சிதைவு (சீனி கூடியதால் கை, கால் நரம்புகள் உணர்ச்சியை இழப்பது) என்று விளக்கினார். விரலில் திசு இறப்பு (சதை உயிரற்றுக் கறுத்துப்போவது) தொடங்கிவிட்டது. அதை எடுக்காவிட்டால் பாதத்துக்கும் ஏறும் என்றார். விரலை எடுத்தார்கள்.

மகள் அப்போது மசக்கையில் தலை தூக்க முடியாமல் கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு கட்டுப் பிரித்துப் புண்ணைக் கழுவ என் வீட்டுக்காரரால் முடியவில்லை. ஒரு காலையில் பார்வதி பையோடு வந்து இறங்கினார். என் காலடியில் பாய் விரித்து உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்தார்.

பெண்ணைக் கொடுத்தவள் நான். மாப்பிள்ளையின் அம்மா என் காலைத் தொடுவதா? இழுத்துக்கொண்டேன்.

"வேணாங்க சம்பந்தி. நாறுது. எனக்கு வெக்கமா இருக்கு."

"நாறத்தான் செய்யுது" என்றார் பார்வதி. "அதுக்குத்தான கழுவுறேன். ஆட்டாம இருங்க."

சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. கட்டி முடித்த பிறகு கேட்டார், "அன்னிக்கே சொல்லியிருந்தா வேன நேரா ஆஸ்பத்திரிக்கு விட்டிருப்போமே, ஏன் சொல்லல?"

"ஒங்க வீட்ல எம்பொண்ண ஏதும் சொல்லிருவாங்கன்னு…"

அவர் பழைய கட்டுத் துணியைச் சுருட்டி எடுத்தார். "சொன்னாங்கதான்" என்றார் பிறகு. "ஒங்க பொண்ணு திருப்பிக் கேட்டுச்சு. நானும் கேட்டேன்."

புண் ஆற மாதங்கள் ஆயின. வெட்கம் அதற்கும் மெதுவாகத்தான் ஆறுகிறது. கடையில் உட்காரக் கதிரை தந்திருக்கிறார்கள்; வாடிக்கையாளர் வந்தால் இன்னும் எழப் பார்க்கிறேன். தினமும் மாலையில் கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். கல் குத்தினாலும் ஆணி ஏறினாலும் கால் எனக்குச் சொல்லாது. நான்தான் போய் விசாரிக்க வேண்டும்.

முன்பெல்லாம் என் உடம்பு நான் கேட்காமலே நடந்தது. இப்போது ஒவ்வொரு அடியையும் கண்ணால் வைக்கிறேன். போன வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கொண்டக்டர் சிங்களத்தில் அவசரப்படுத்தினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காது சுட்டது. ஆனாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கால் படியில் படுவதைப் பார்த்தேன். பட்டது. அதன் பிறகே மற்றக் காலை எடுத்தேன்.

அதுவரை பஸ் நின்றது.