அக்காவின் மூன்று விநாடி

எனக்குச் சோறு போடுகிற வேலை, கடைக்காரர்களுக்கு வீடியோ எடுத்துப் போடுவது. பினாங்கில் யார் கூப்பிட்டாலும் போவேன். ஆரம்பத்தில் நாங்கள் இருவர், அக்கா தங்கை. கேமரா நான், குரல் அவள். டத்தோ கிராமாட் பகுதியில் எங்கள் வீட்டின் சமையலறை மேசைதான் ஆபீஸ்.

ஒரே வீடியோவை நாங்கள் போடும் மூன்று சமூக வலைத்தளங்களிலும் அப்படியே போட்டால் மூன்றிலும் படுத்துவிடும். இதை அடிபட்டுத்தான் கற்றோம். மூன்றுக்கும் அக்கா பெயர் வைத்தாள். ஒன்று பெரியம்மா: நிதானமாக முழுசும் பார்ப்பாள், கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்பாள். ஒன்று மாப்பிள்ளை: பார்க்க அழகாக இருந்தால் போதும், பேச்சே வேண்டாம். கடைசி பொடிசு: மூன்று விநாடிக்குள் பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடும். ஆகவே பொடிசுக்கு, இருப்பதிலேயே காரமான வரியைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். இது எங்கள் தொழில் விதி.

ஒருநாள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் படம் பிடிக்கப் போனோம். "அண்ணே, பஞ்சிர் லா" என்று சோறு மூழ்கக் குழம்பு ஊற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

"என் கல்யாணம் நின்னு போச்சு. ரெண்டு நாள் ஒண்ணும் சாப்பிடல. மூணாவது நாள் இங்கதான் வந்து உக்காந்தேன். கடை அண்ணன் ஒண்ணும் கேக்கல. தட்ட வச்சாரு, அவ்வளவுதான். இந்தக் கடைய நான் எப்படி மறப்பேன்?"

வீட்டில்கூட அவள் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. கேமராவிடம் இல்லை, அதன் பின்னால் நின்ற என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள். இது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், அடடா, என்ன ஒரு ஆரம்பம் என்பதுதான்.

அன்று மாலையே அவளிடம் காட்டாமல் வெட்டிப் போட்டேன். "என் கல்யாணம் நின்னு போச்சு" என்கிறாள். அடுத்த நொடி குழம்பு கொட்டுகிறது, கூடவே குத்துத் தாளம். மிச்சத்தைத் தூக்கிவிட்டேன். பொடிசு அதைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. கடையில் கூட்டம் சாலைவரை நின்றது. கீழே வந்த கமெண்டுகளில் ஒன்று, "இந்தச் சாப்பாட்டப் பாத்துதான் மாப்பிள்ள ஓடிட்டான் போல லா." அதற்கும் நூறு பேர் சிரித்திருந்தார்கள்.

அக்கா கத்தவில்லை. "என் வாழ்க்கைல உனக்கு மூணு செகண்டுதான் வேணுமா?" என்று கேட்டாள். வீடியோவை எடுத்துவிட்டேன். அதற்குள் யார் யாரோ இறக்கி, மறுபடி போட்டு, அது ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் அவள் வேலை தேடிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போனாள். போனதும் முதல் காரியமாக என் நம்பரை பிளாக் செய்தாள்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. வேறு பெண்களைக் குரல் கொடுக்க வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பேசுகிறார்கள், கேட்கப் பிடிக்கவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். நான் பார்த்தவர் பட்டியலில் ஒரே ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருப்பேன். வெட்டி எறிந்த பழைய துண்டுகளை எடுத்துக் கேட்பேன். அதில் அவள் தும்முவாள், "ஏய், லைட்டு சரியா இருக்கா?" என்று என்னை அதட்டுவாள். அந்த அதட்டலுக்கு ஏங்கிப் போய்க் கிடந்தேன்.

போன மாதம், ரொம்ப நாளாகத் திறக்காத பெரியம்மா தளத்தின் செய்திப் பெட்டியைத் திறந்தேன். இப்போதெல்லாம் கடைக்காரர்களுக்குப் பொடிசு மட்டும் போதும் என்பதால் அந்தப் பக்கம் போவதே இல்லை. விலை கேட்டவர்களுக்கு நடுவில் அக்காவின் செய்தி. "நேத்து இங்க ஒரு கடையில மீன் தலைக் கறி சாப்பிட்டேன். நல்லாவே இல்ல. நீ எப்படி இருக்கே?"

ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதன் கீழே, அதே நிமிடத்தில் போன பதில்: "வணக்கம்! எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. எங்கள் குழு விரைவில் உங்களுக்குப் பதிலளிக்கும்." பின்னால் மூன்று சிரிப்புப் பொம்மைகள். வாடிக்கையாளர் காத்திருந்து அடுத்த கடைக்கு ஓடிவிடக் கூடாதென்று நானே எழுதி, தானாகப் போகும்படி வைத்தது. குழுவாம் குழு! இருப்பது நான் ஒருத்தி.

அவள் அதைப் படித்திருக்கிறாள். அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. மன்னிப்பு, விளக்கம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "அக்கா, இப்பதான் பாத்தேன். நான் நல்லா இல்லக்கா" என்று மட்டும் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "இது நீயா, மெஷினா?"

நான்தான் என்று எழுதலாம். அதை மெஷினும் எழுதும். அந்தப் பெட்டியிலேயே அழைக்கும் பொத்தானை அழுத்தினேன். எடுத்தாள். பேச வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன்.

"நீதான்" என்றாள் அக்கா.