காதர்பேட்டையில் இரண்டு அம்மாக்கள்

கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அம்மா முதல்முறையாகப் பல்லடத்தில் என் வீட்டுக்கு வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த நான், கூட வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டேன். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; அவர்கள் தலைமுறையாகத் தறி ஓட்டிய முருக பக்தர்கள். இரண்டு பக்கமும் சம்மதமில்லை. மாமியார் என்னைச் சேர்த்துக்கொண்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அவரும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை அம்மாவைத் திருப்பூர் காதர்பேட்டைக்குக் கூட்டிப்போகக் கிளம்பினேன். மாமியாரும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“நானும் வர்றேன் கண்ணு. ஊட்டுக்கு வந்தவங்கள நீ மட்டும் கூட்டிட்டுப் போனா நல்லாருக்குமா?”

பல்லடத்தில் பஸ் ஏறியதிலிருந்து இறங்கும்வரை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

காதர்பேட்டை முழுக்கப் பனியன் துணி விற்கும் பழைய கடைச் சந்துகள். மேலே தகரம் போட்டு மூடியிருப்பதால் பகலிலும் டியூப்லைட் எரியும். தலைக்கு மேல் கயிறு கயிறாக டி-சர்ட்டுகள் தொங்கின. மூட்டை சுமந்தவர்கள் இந்தியில் கத்திக்கொண்டே இடித்துப் போனார்கள். ஒரு கடையில் தராசைப் பார்த்து அம்மா நின்றுவிட்டாள்.

“என்னட்டி இது, பனியனக் கத்திரிக்கா மாதிரி நிறுத்துப் போடுதான்!”

மாமியார் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தும் அடக்கிக்கொண்டேன்.

நான் கணவருக்கு டி-சர்ட் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. சந்து முழுக்க இருட்டு. கூட்டம் முண்டியடித்தது. ஜெனரேட்டர் ஓடி வெளிச்சம் வந்தபோது பக்கத்தில் இரண்டு பேரும் இல்லை.

அம்மாவிடம் போன் கிடையாது. மாமியார் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு சந்தாக ஓடினேன். எங்கேயாவது விழுந்துவிட்டார்களோ, அல்லது ஏதாவது பேச்சு முற்றி ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசிச் சந்தின் முனையில், வெயில் விழும் இடத்தில், மாமியார் குரல் கேட்டது.

“ஏனுங்க, எங்க சம்பந்தி அத்தன தூரத்துல இருந்து வந்திருக்காங்க. பாத்துக் கொறச்சுக் குடுங்க.”

கடை ஸ்டூலில் அம்மா உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாள். மடியில் இரண்டு நைட்டிகள்.

“ரெண்டு பேரும் எங்க போனீங்க?” என்றேன்.

“இருட்டுல எனக்கு மூச்சு முட்டிட்டு. மைனிதான் கையப் புடிச்சு வெளிச்சத்துக்குக் கூட்டிட்டு வந்தாவ.”

எங்கள் பக்கம் சம்பந்தியம்மாவை அண்ணி முறை வைத்து மைனி என்றுதான் கூப்பிடுவோம். மாமியாருக்கு அந்தச் சொல் புரிந்திருக்காது. ஆனாலும் தலையாட்டிவிட்டு என்னிடம் சொன்னார்.

“இதுல எது சாயம் போகாதுன்னு சம்பந்தி கேட்டுட்டிருந்தாங்க. நான் பச்சைய எடுக்கச் சொன்னேன்.”

“நீலந்தான் நல்லாருக்கு,” என்றாள் அம்மா.

“இல்லீங்க, அது ரெண்டு தண்ணிக்குத் தாங்காதுங்க.”

அவர்கள் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். நான் தரையில் கிடந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். மனசு லேசாக இருந்தது.

இரண்டு நாளில் கிளம்புவதாக வந்த அம்மா ஒரு வாரம் தங்கினாள்.