சீலிங்குக்கு மேலே

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் வெள்ளவத்தை வீட்டில் கூரைத் தகடு தெரியாமல் வெள்ளைச் சீலிங் அடிக்க வேண்டும் என்று நான் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. அம்மா மட்டும் முணுமுணுத்தார்.

"மேல என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறியள் எண்டு ஆமிக்காரன் கேட்டா?"

"சிங்களத்திலயே பதில் சொல்லுவன், அம்மா."

"ஓம், ஓம். உன்ர சிங்களத்தைக் கேட்டு அவன் சல்யூட் அடிப்பான்."

தச்சுவேலை செய்யும் பாஸ் சீலிங் அடித்து, ஃபேனும் பூட்டி முடித்த கிழமையே எங்கள் ஒழுங்கையை இரு முனையிலும் ஆமிக்காரர் சுற்றி வளைத்தார்கள். வீட்டுக்குள் வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த தம்பியின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அவனைச் சுவரோரம் நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் மேலே என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன். அவன் துவக்கின் பிடியால் சீலிங்கில் ஓங்கி இடித்தான். ஒரு பலகை உடைந்து, அதோடு ஒரு சுருள் வயரும் கீழே விழுந்தது.

வயரைப் பார்த்தவன் அடுத்ததாகத் தம்பியைப் பார்த்தான். குண்டு வைக்கிற வயர் என்று நினைத்துவிட்டான். ஃபேன் பூட்டிய பாஸ் மிச்ச வயரை மேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. ஆனால் ஒரு சிங்களச் சொல்லும் வாயில் வரவில்லை. ஓடிப்போய்ச் சுவிச்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. உடைந்த ஓட்டைக்குள் அதே நிற வயர் ஃபேனுக்குப் போவதைக் கையால் காட்டினேன். அவன் கீழே கிடந்த வயரையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தம்பியின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

அடுத்த நாள் பாஸ் புதுப் பலகையோடு வந்தார்.

"பூட்ட வேண்டாம். எல்லாத்தையும் கழற்றுங்கோ, தகடு தெரியட்டும்" என்றேன்.

அம்மா அவர் ஏறுவதற்குக் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.