குவிமாடத்துக்கு மீன் எண்ணெய்

போன வருடம் வைகாசி மாதம், புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் இயற்பியல் நடத்தும் பல்கலைக்கழகத்தின் மொட்டை மாடியில் நடந்தது இது.

அங்கே ஒரு பழைய வானியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மேலே தகரக் குவிமாடம், உள்ளே தொலைநோக்கி. குவிமாடத்தைச் சுற்றினால்தான் அதன் திறப்பு சூரியன் பக்கம் வரும். பல வருடங்களாகப் பூட்டியே கிடந்ததால், இடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி கட்டலாமா என்று முடிவுசெய்ய ஒரு குழு வியாழக்கிழமை வருவதாகத் தகவல். "முதல்ல அவங்களுக்குச் சூரியனைக் காட்டுறேன், அப்புறம் இடிக்கிறதப் பத்திப் பேசலாம்" என்று துறைத்தலைவரிடம் சவால் விட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கையோடு குழுவிடம் கொடுக்க ஆய்வுக்கூடத்தின் வரலாற்றையும் எழுதினேன். பழைய நோட்டுகளில் சூரியப் புள்ளிகளை அத்தனை அழகாக வரைந்து வைத்திருந்தார்கள். ஆனால் வருடா வருடம் மழைக்காலத்துக்கு முன்னால், 'மீன் எண்ணெய், இரண்டு பாட்டில்' என்று ஒரு வரி. உடம்புச் சத்துக்குக் குடித்திருப்பார்கள் போல என்று சிரித்துக்கொண்டே அதை வரலாற்றில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை குவிமாடத்தைத் தள்ளினால், அசையவே இல்லை! அடியிலிருந்த சக்கரங்கள் துருவேறி, அவை ஓடும் வட்டத் தண்டவாளத்தோடு ஒட்டிக் கிடந்தன. மெக்கானிக் வந்து பார்த்து, கிரேன் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாடி பெருக்க வந்த அக்காவிடம் புலம்பினேன். அவருக்குச் சொந்த ஊர் ஜெகதாப்பட்டினம், கடலோர மீனவக் கிராமம். "பாருங்கக்கா, அப்ப இங்க இருந்தவங்க வருஷா வருஷம் மீன் எண்ணெய் வாங்கிக் குடிச்ச நேரத்துல இந்தச் சக்கரத்தைக் கவனிச்சிருக்கலாம்ல?"

அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்தார். "அட, குடிக்கவா வாங்குனாங்க? எங்க ஊர்ல படகுக்கும் இரும்புக்கும் அதத்தானே பூசுவோம். துருவுக்குள்ள எறங்கிரும். இருங்க டீச்சர், ஊர்ல இருக்குற அண்ணங்கிட்டச் சொல்லி அனுப்பச் சொல்றேன்."

புதன்கிழமை காலை பஸ்ஸில் ஒரு கேன் மீன் எண்ணெய் வந்து இறங்கியது. இருவரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஊற்றினோம். சாயங்காலம் மறுபடியும். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம், வீட்டில் என்னைக் கொல்லை வழியாகத்தான் உள்ளே விட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. குழு பார்த்துக்கொண்டிருக்க, அக்காவும் நானும் மூச்சுப் பிடித்துத் தள்ளினோம். கடக்கென்று ஒரு சத்தம். குவிமாடம் நகர்ந்தது! தொலைநோக்கிக்குக் கீழே பிடித்த வெள்ளைத் தாளில் சூரியன் ஒரு தட்டு மாதிரி விழுந்தது, இரண்டு கரும்புள்ளிகளோடு. குழுத் தலைவர் மூக்கைப் பொத்தியபடியே வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இது இருக்கட்டும்ங்க. தொட்டிய அங்கிட்டுக் கட்டிக்கலாம்" என்றார்.

"நம்ம வாடையே அவங்களத் தொரத்திருமோன்னு பயந்துட்டேன்" என்று அக்கா என் காதில் சொன்னார்.

விட்ட வரியை வரலாற்றில் சேர்த்தேன், அதற்குக் கீழே அக்காவின் பெயரையும். இன்றைக்கும் எனக்குப் புரியாத ஒரு வரியை அடிக்கப் பேனாவை எடுத்தால், அது புரிந்தவர் பக்கத்திலேயே பெருக்கிக்கொண்டிருக்கலாம் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.